வடநெம்மேலியில் பாம்பு விஷம் எடுக்கும் இடம்: மாமியாரோடு போய் வந்தேன்

முதலில் 649 ரூபாய் தண்டம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் வடநெம்மேலிக்கு நாங்கள் ஏன் போனோம் என்பது விளங்கும்.

மதுராந்தகம் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் 14 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். மில் என்றால் நெல், நெல் என்றால் எலி, எலி என்றால் பாம்பு. வருஷத்துக்கு நாலைந்து சாரையாவது மூட்டை அடுக்குக்குள்ளிருந்து ஓடும், யாரும் கண்டுகொள்ள மாட்டோம். போன ஜூன் மாதம் மட்டும் கதை வேறு. உமிக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த ஒரு சாண் நீளக் குட்டியை லோடுமேன் ஒருவர் முறத்தால் தள்ளி, காலி பெயிண்ட் டப்பாவில் போட்டு, என் மேஜைக்கே கொண்டுவந்துவிட்டார். "மலைப்பாம்புக் குட்டிக்கா, எவ்ளோ அழகா இருக்கு பாருங்க."

அழகாகத்தான் இருந்தது. பழுப்பு உடம்பில் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசை வட்டம். ஆனால் டப்பாவுக்குள்ளிருந்து வந்த சத்தம் அந்த உருவத்துக்குப் பொருந்தவே இல்லை. சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சீறல். கண்ணாடி விரியன்! மறுநாள் சாயங்காலத்துக்குள் எண்ணிக்கை பதினொன்று. 101-க்குப் போன் போட்டோம், தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து எடுத்துப் போனார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. "குட்டிய எடுத்துட்டுப் போயிட்டீங்க, தாய் தேடிட்டு வரும்" என்று லோடுமேன்கள் மூன்று நாள் வேலைக்கே வரவில்லை. முதலாளி என்னிடம், "ஆன்லைன்ல ஏதோ பாம்பு விரட்டிப் பொடி விக்கிறானாமே, போடும்மா ஆர்டர்" என்றார். போட்டேன். ஒரு கிலோ டப்பா, மஞ்சள் வெள்ளையாக ஒரு பொடி, திறந்தால் அந்துருண்டை நெடி மூளைவரை ஏறும். கொட்டகையைச் சுற்றிக் கோலம் போடுகிற மாதிரி கோடு இழுத்தோம். ஒன்பதாம் நாள் காலையில் அந்தக் கோட்டின் மேலேயே குறுக்காக ஒரு பாம்புச் சட்டை, வால் நுனிவரை முழுசாக. உரித்துப் போட்டுவிட்டுச் சாவகாசமாகப் போயிருக்கிறது. விற்றவர்களுக்குப் படம் அனுப்பினால், ஈரம் பட்டிருக்கும், இன்னொரு டப்பா வாங்கிப் போடுங்கள் என்று பதில் வந்தது. பிறகுதான் படித்தேன், கந்தகமும் நாப்தலீனும் கலந்த பொடியைப் பாம்பின் வழியில் போட்டுப் பார்த்தவர்கள் வெளிநாட்டில் எப்போதோ இதே முடிவுக்கு வந்துவிட்டார்களாம்: பாம்பு அதைத் தாண்டிப் போகும். பொடிக்கு என் மதிப்பெண் அரை நட்சத்திரம். அதுவும் டப்பா பருப்பு போட்டு வைக்க உதவுகிறது என்பதற்காக.

இனி வடநெம்மேலிக்கு வருகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து போனால் கோவளம் தாண்டி, மாமல்லபுரத்துக்கு முன்னால் முதலைப் பண்ணை வரும். அதன் வளாகத்துக்குள்ளேதான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவு சங்கத்தின் விஷம் எடுக்கும் மையம். முதலைக்கு ஒரு டிக்கெட், இதற்குத் தனியாக ஒரு டிக்கெட். நிறையப் பேர் முதலையைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிட்டுப் போகிறார்கள். என்னைக் கேட்டால் முதலை எங்கே போகிறது, அசையாமல் கிடக்கும். முதலில் இதைப் பாருங்கள்.

நாங்கள் மூன்று பேர் போனோம். நான், எட்டாவது படிக்கும் மகன், 68 வயதான என் அத்தை, அதாவது மாமியார். அத்தையைக் கூட்டிப் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பாம்பு பற்றிய சட்டதிட்டம் எல்லாம் அவரிடம்தான். வேலி ஓரம் சிறியாநங்கை நட்டவர் அவர். (அந்தச் செடிக்கு அடியிலேயே ஒருமுறை சாரை படுத்திருந்தது. "அது நல்லபாம்புக்குத்தான் கேக்கும்" என்று விளக்கம் வந்தது.) குளியலறையில் மண்புழு மாதிரி கறுப்பாக ஒன்று நெளிந்தால், பூநாகம், தொட்டால் ஆள் காலி என்று தெருவையே கூட்டிவிடுவார். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் கதையை அவர் சொல்லிக் கேட்டால் அந்த மரத்துக்கு இலை எத்தனை என்றுகூடத் தெரிந்துவிடும்.

நடுவில் மணல் பரப்பிய இடம், சுற்றி நாம் உட்கார்ந்து பார்க்கிறோம். ஓரத்தில் வரிசையாக மண்பானைகள், வாய்க்குத் துணி கட்டியவை. பார்த்தால் குயவர் வீட்டு வாசல் போலத்தான் இருக்கும். ஒவ்வொரு பானைக்குள்ளும் மணலும் பாம்பும். கையில் நுனி வளைந்த கம்பி ஒன்று, அவ்வளவுதான் ஆயுதம். இருளர் அண்ணன் ஒருவர் துணியை அவிழ்த்துக் கம்பியால் தூக்கி மணலில் விடுகிறார். நான்கு வகை: நல்லபாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பகுதி இந்த நான்கின் கணக்கில்தான் வருகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வருஷத்துக்கு 58,000. ஒரு சின்ன டவுனே காலியாவது மாதிரி.

நல்லபாம்பு வந்ததும் படம் எடுத்தது, எல்லோரும் போனைத் தூக்கினார்கள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கட்டு விரியன் பகலில் சுத்த சோம்பேறி. உடம்பைச் சுருட்டித் தலையை அதற்குள் ஒளித்துக்கொண்டது. இரவில்தான் அதன் வேலை, தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியே இருக்காதாம். வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை என்று ஆரம்பித்த பிறகுதான் சந்தேகமே வரும். சுருட்டை ஒரு அடிக்குச் சற்றுக் கூட இருக்கும். 8 போட்ட மாதிரி சுருண்டு, பக்கவாட்டுச் செதில்களை ஒன்றோடொன்று உரசி 'சரசர' என்று உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் எழுப்பியது. கண்ணாடி விரியன் சீறியபோது என் மகன் என் கையைப் பிடித்தான். குட்டி சைக்கிள் ட்யூப் என்றால் பெரியது லாரி டயர்.

அடுத்ததுதான் நான் இதுவரை பார்க்காதது. தலையைப் பின்னாலிருந்து மூன்று விரலால் பிடித்து, கண்ணாடிக் குடுவையின் விளிம்பைக் கடிக்கக் கொடுத்தார். கண்ணாடி விரியனின் பல் சாதாரணமாக வாய்க்குள் மடங்கிக் கிடக்கும். வாயைத் திறந்ததும் பேனாக்கத்தி மாதிரி இரண்டும் முன்னால் விரிந்து நின்றன. கண்ணாடியின் உட்புறமாக ஒரு மஞ்சள் துளி, பிறகு இன்னொன்று, ஆறின நெய் வழிகிற வேகத்தில் இறங்கியது. ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. பத்து வினாடிக்குள் முடிந்து பாம்பு பானைக்குத் திரும்பிவிட்டது. இதை உறைய வைத்து உலர்த்தித் தூளாக்கி மருந்து கம்பெனிகளுக்குக் கொடுக்கிறார்கள். அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஊசி போட்டு, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, நம் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் விஷமுறிவு மருந்தாக்குகிறார்கள். இந்த நான்கு விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து.

கூட்டத்தில் ஒருவர், "இதையெல்லாம் இங்கயே ஜோடி சேத்து வளக்கறீங்களா?" என்று கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், கோழிப்பண்ணை மாதிரி. இல்லையாம். ஒன்றுகூட இங்கே பொரித்ததோ பிறந்ததோ இல்லை. வனத்துறை அனுமதி கொடுத்த எண்ணிக்கைக்குள் சங்க உறுப்பினர்கள் வயலிலும் வரப்பிலும் பிடித்து வருபவை. மூன்று வாரம் வைத்திருந்து, வாரம் ஒரு தடவை என்று நாலு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாள வெட்டு வெட்டி, திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அடுத்த மாதம் அதே பாம்பு கையில் சிக்கினால் வெட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தோல் உரிக்காமல் பாம்பால் பிழைக்கிற வழி 1978-இல் இந்தச் சங்கம் வந்த பிறகுதான் இவர்களுக்குக் கிடைத்தது. அதற்கு முன் இவர்கள் பிடித்ததெல்லாம் தோல் வியாபாரத்துக்கு. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்து, பின்னாலேயே தோல் ஏற்றுமதியும் நின்றதும் பிழைப்பே போய்விட்டது. கிண்டிப் பாம்புப் பண்ணையையும் இந்த முதலைப் பண்ணையையும் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர்தான் சங்கம் அமையவும் துணை நின்றார். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

காட்சி முடிந்து கூட்டம் கலைந்ததும் அத்தை நகரவில்லை. அவருக்குக் கேட்க வேண்டியது இருந்தது. நானும் மில் விஷயத்தைக் கேட்க வேண்டியிருந்தது. டிக்கெட்டுக்கு மேலேயே கிடைத்தது இந்தக் கால் மணி நேரம்தான்.

"குட்டிய எடுத்துட்டா தாய் தேடி வராதாண்ணே?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரைப் பிடித்துவிட்டது. "போட்டுட்டா அதோட சரிக்கா. அது ஒரு பக்கம், குட்டிங்க ஒரு பக்கம். பால் குடுக்கணுமா, இரை ஊட்டணுமா? பொறந்ததுமே அதுக்குப் பல்லும் இருக்கு, வெசமும் இருக்கு."

கண்ணாடி விரியன் முட்டையை வெளியே இடுவதில்லை, வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. கோடை முடிந்து மழை எட்டிப் பார்க்கும் நேரத்தில், மெல்லிய சவ்வுப் பைக்குள் சுருண்டபடி குட்டிகள் வெளியே வரும், உடனே பையைக் கிழித்துக்கொண்டு கிளம்பிவிடும். ஒரு ஈற்றுக்கு இருபது, முப்பது, நாற்பதுகூட. எங்கள் பதினொன்று என்பது நாங்கள் பார்த்த கணக்குதான்! பெரியவற்றைவிடக் குட்டிக்குத்தான் விஷம் அதிகம் என்று லோடுமேன்கள் சொல்வார்கள். அளவில் பார்த்தால் குட்டியிடம் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்க அந்தக் கொஞ்சம் போதும்.

அத்தை விடவில்லை. "விரியன் குட்டி போடறப்ப வயிறு விரிஞ்சு செத்துப்போகும், அதனாலதான் விரியன்னு பேரே" என்றார். அப்படியானால் இங்கே இவ்வளவு பெரிய விரியன்கள் எப்படி இருக்கும் என்று என் மகன் கேட்டான். அண்ணன் சொன்ன இன்னொன்று எனக்கே புதிது. கட்டு விரியன் பெயரில்தான் விரியன். கண்ணாடியும் சுருட்டையும் குட்டி போடும், கட்டு விரியன் முட்டைதான் இடும். குடும்பத்தில் அது நல்லபாம்புக்குத்தான் பங்காளி, விஷமும் அதைப் போலவே நரம்பைத் தாக்குவது. இரண்டு விரியனும் ரத்தத்தைக் கெடுப்பவை. நம் பாட்டன்கள் பெயர் வைத்தபோது இதைக் கொஞ்சம் குழப்பிவிட்டார்கள்.

நல்லபாம்பு மட்டும் கொஞ்சம் பொறுப்பான தாய். எலிவளையிலோ புற்றிலோ பத்திருபது முட்டை இட்டு, பொரிக்கும்வரை இரண்டு மாதம் போலக் காவல் இருக்கும். புற்று அதனுடையது இல்லை. "கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த மாதிரி" என்று பழமொழி சொல்லிக்கொண்டே நாம் புற்றைப் பாம்பு கட்டியதாக நினைத்துப் பாலும் ஊற்றுகிறோம். பாம்பு பால் குடிக்காது. நாள்கணக்கில் தண்ணீரே கிடைக்காத பாம்புக்கு முன்னால் எதை வைத்தாலும் தாகத்துக்கு வாய் வைக்கும், அவ்வளவுதான்.

குளியலறைப் பூநாகத்துக்கும் இங்கேயே தீர்ப்பு வந்தது. அது புழுப்பாம்பு, விஷமே கிடையாது. எறும்பு முட்டையும் கரையானும் தின்னும். வீட்டுக்கு வந்து படித்தபோது இன்னொரு விஷயம் கிடைத்தது: அந்த இனத்தில் ஆணே இல்லையாம். எல்லாம் பெண்தான், துணையில்லாமலே முட்டையிட்டு வம்சம் வளர்க்கின்றன. பூந்தொட்டி மண்ணோடு ஒன்று போனால் போதும், ஊர் நிரப்பிவிடும். மகன் இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினான்.

கடைசியாக அத்தை கேட்டதைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் பூஜை அறையில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில் மடித்து வைத்த ஒரு வெள்ளை வேட்டித் துண்டு. இருபது வருஷத்துக்கு முன், ஏரிக்கரையில் சாரையும் நல்லபாம்பும் பின்னிப் பிணைந்து ஆளுயரம் எழும்பி ஆடியதாம். மாமா துண்டை மேலே வீசி, அவை விலகியதும் எடுத்து வந்தாராம். அந்தத் துணி இருக்கும் வீட்டில் பணம் தங்கும் என்பது நம்பிக்கை. வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு மஞ்சள் குங்குமம் உண்டு. அத்தை இதை விவரமாகச் சொல்லி, "அந்தச் சாரை ஆணா, நல்லபாம்பு ஆணா?" என்று கேட்டார்.

அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "அம்மா, சாரை வேற சாதி, நல்லது வேற சாதி. சேராது. சாரைலயே ஆணும் இருக்கு, பொண்ணும் இருக்கு. நல்லது மாட்டுனா சாரையத் தின்னாலும் தின்னும். நீங்க பாத்தது ரெண்டுமே சாரையாத்தான் இருக்கும்."

"சரி, ஆணும் பொண்ணுமா?"

"ரெண்டும் ஆம்பளைம்மா. சண்டை. எது தலைய எது கீழ அமுக்குதுன்னு பாக்கும். பொண்ணோட சேர்றப்ப அப்படி எழும்பி ஆடாது, பக்கத்துல சத்தமில்லாம கெடக்கும்."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. முதலைகளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கிளம்பும் முன் விடுமுறை நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை வெயில், தொப்பியும் தண்ணீரும் வேண்டும். சாகசம் எதிர்பார்த்துப் போகாதீர்கள், பாம்பை முத்தமிடுவதெல்லாம் இங்கே இல்லை, அதுதான் இந்த இடத்தின் மரியாதை. கிண்டியில் கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் நிறைய வகை பார்க்கலாம், ஆனால் சீறலைக் காது கேட்க இங்கேதான் வர வேண்டும். காட்சி முடிந்ததும் ஓடிவிடாமல் நின்று கேள்வி கேளுங்கள். என் கணக்கில் ஐந்துக்கு ஐந்து.

மில்லில் என்ன மாறியது என்றால், உமிக் குவியலைக் கொட்டகைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம், மூட்டைகளைத் தரையிலிருந்து பலகை மேல் ஏற்றினோம், எலிப் பொந்துகளை சிமெண்ட் வைத்து அடைத்தோம். பொடிக்குக் கொடுத்த காசில் எல்லோருக்கும் டார்ச் லைட் வாங்கியிருக்கலாம், பிறகு வாங்கினோம். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: கடித்தால் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கடித்த காலை அசைக்காமல் 108. பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் ரெண்டு மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிஷம் வைத்து உறைகிறதா என்று பார்த்தே விரியனா என்று கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான், ஆள் சின்னது என்று பாம்பு விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லையே. தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்துவிட்டார்கள்.

அத்தை விஷயம்? திரும்பி வருகிற பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை வாயே திறக்கவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ரெண்டு தடிப்பசங்க அடிச்சுக்கிட்டதுக்கா நான் இருவது வருஷமா குங்குமம் வெச்சேன்?" என்றார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தார். துணியை உதறிப் பார்த்தார், மறுபடியும் மடித்தார், குங்குமத்தை வைத்தார். "பாம்பு எதுவா இருந்தா என்ன, துண்டு உங்க மாமாவோடதுதான" என்றார்.